நன்றிக் கடிதம் இனி எழுதித் தருவதாக இல்லை: ஒரு கலைப்புலத்தின் விருதுக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய டீன் அவர்களுக்கும், ஆண்டுதோறும் சமூக ஈடுபாட்டு விருதுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவினருக்கும்,

வணக்கம்.

உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயரை இந்த மடலில் நான் எழுதவில்லை. எழுதினால் குறை உங்கள் தலையில் மட்டும் விழும். கோலாலம்பூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இதே காரியத்தை இதே மாதிரி செய்துகொண்டிருக்கும் மற்ற கலைப்புலங்கள் “அது அவங்க கதை” என்று கழன்றுகொள்ளும். யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். அது போதும்.

நான் கோலாலம்பூர்ச் செந்தூல்காரன். கோவில் நிர்வாகத்தில் செயலாளராக இருக்கிறேன், பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் கொஞ்ச காலம் பொறுப்பில் இருந்தேன். உங்கள் அறிக்கைகளில் “சமூக ஈடுபாடு” என்று ஒரு சொல் அடிக்கடி வருகிறதே, அதில் சமூகம் என்பது எங்களைப் போன்ற ஆட்கள்தான். அதாவது நாற்காலி அடுக்குவது, ஒலிபெருக்கிக்காரருக்குப் போன் போடுவது, எண்பது பொட்டலம் நாசி லெமாக் சொல்லிவிட்டு நாற்பது பேர் வந்ததும் மீதியை யார் தலையில் கட்டலாம் என்று யோசிப்பது, இதெல்லாம் எங்கள் இலாகா.

நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் விருதுக்கு மனுப்போடக் கடைசி நாள் நெருங்கும்போதெல்லாம் என் வாட்சாப் விடாமல் கத்தும், எல்லாம் மனுப்போடுகிறவர்களிடமிருந்து. “அண்ணா, நல்லா இருக்கீங்களா? போன வருஷம் நம்ம நிகழ்ச்சி செஞ்சோமே, ஞாபகம் இருக்கா? ஒரு நன்றிக் கடிதம் வேணும்ணா, வெள்ளிக்கிழமைக்குள்ள.” கடிதத்தை நாங்கள் எழுதவேண்டிய அவசியமே இல்லை, அவர்களே மலாயில் அழகாக எழுதி அனுப்பிவிடுவார்கள். கோவில் லெட்டர்ஹெட்டில் போட்டு, கையெழுத்து வைத்து, சாப் குத்தி, பிடிஎஃப் ஆக்கித் திருப்பி அனுப்பினால் வேலை முடிந்தது. அந்தக் கடிதம் எங்கள் குரலில் பேசும். இந்த நிகழ்ச்சி எங்கள் வட்டாரத்தில் “உயர்ந்த தாக்கத்தை” உண்டாக்கியதாகவும், உள்ளூர் மக்களின் வாழ்க்கைத் தரம் மேம்பட்டதாகவும், இதுபோன்ற நிகழ்ச்சிகள் தொடர வேண்டுமென்று நாங்கள் மனதார விரும்புவதாகவும் சொல்லும். ஒரு தடவை வாழ்க்கைத் தரத்தை மேம்படுத்தியதாகச் சொல்லப்பட்ட நிகழ்ச்சி, சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பன்னிரண்டே முக்காலுக்கு முடிந்த கோலப் போட்டி. கோலம் நன்றாகத்தான் இருந்தது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இதைப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருக்கிறோம். இனி யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதித் தருவதாக இல்லை. அதற்குப் பதிலாக, எங்கள் கருத்து வேண்டுமென்றால் நீங்களே எங்களைக் கேளுங்கள். நிகழ்ச்சி நடந்து ஓராண்டு ஆன பிறகு, விருதுக்குப் போட்டியிடுகிறவர் மூலமாக இல்லாமல் தேர்வுக் குழுவிலிருந்தே ஒருவர் போன் போட்டு, தமிழிலோ மலாயிலோ, “அங்க என்ன நடந்துச்சு, இப்ப என்ன மிச்சம் இருக்கு?” என்று கேட்கட்டும். இந்த மடல் முழுக்க நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

முதலில் கொஞ்சம் பழங்கதை, ஏனென்றால் சமூக ஈடுபாட்டைப் பல்கலைக்கழகங்கள்தான் கண்டுபிடித்தன என்ற நினைப்பு உங்கள் ஆட்கள் பேசும்போது எட்டிப் பார்க்கிறது. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமைக்கும் பேச்சு எழுந்தபோது, அங்கே சமஸ்கிருதத்துக்கு முதலிடமா தமிழுக்கு முதலிடமா என்று பெரிய வாதம் நடந்தது. தமிழ் முரசு நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி விடவில்லை, எழுதினார், ஆதரவு திரட்டினார், “தமிழ் எங்கள் உயிர்” என்று ஒரு நிதியையும் தொடங்கினார். சிங்கப்பூரிலும் மலாயாவிலும் கூலி வேலை செய்தவர்கள் உட்படச் சாதாரண மக்கள் கொடுத்த காசு அது. அந்தப் பணம் துறையின் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகங்களாகப் போனது. 1956-இல் துறை வந்தது, 1961-இல் தனிநாயகம் அடிகள் அங்கே பொறுப்புக்கு வந்தார், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு இதே கோலாலம்பூரில் நடந்தது. பல்கலைக்கழகத்தின் படியைக்கூட மிதித்திராத மக்கள்தான், அங்கே என்ன படிக்கவேண்டும் என்று வாய்திறந்து கேட்டு, அதற்குக் கைக்காசையும் கொடுத்தார்கள். ஆக, சமூகம் உங்களோடு ஈடுபட்டு எழுபது ஆண்டுகள் ஆகப் போகின்றன. அதற்கு எந்த விருதும் கிடையாது, நாங்களும் கேட்கவில்லை.

மாணவர்கள் பக்கமும் ஒன்று சொல்லவேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை பல காலமாகப் பேரவைக் கதைகள் சிறுகதைப் போட்டியை நடத்திவருகிறது. மாணவர்களுக்கு ஒரு பிரிவு, பொதுமக்களுக்கு ஒரு பிரிவு என்று வைத்து, வருகிற கதைகளைப் படித்து, தேர்ந்தெடுத்து, புத்தகமாகவும் போட்டார்கள். இந்நாட்டுத் தமிழ்ச் சிறுகதையைப் பற்றிப் பேசுகிற யாரும் அதை ஒதுக்கிவிட்டுப் பேச முடியாது. படிப்பையும் பரீட்சையையும் பார்த்துக்கொண்டே பிள்ளைகள் செய்த வேலை அது.

இப்போது நடப்பதைப் பார்ப்போம். 2019-இல் கல்வி அமைச்சு சுலாம் என்ற சேவைவழிக் கற்றல் திட்டத்தைக் கொண்டுவந்தது. யோசனை நல்லதுதான்: பாடத்தில் படிப்பதை ஒரு சமூகத்தோடு சேர்ந்து செய்து பார்க்கவேண்டும், அவர்களுக்கும் பயன் இருக்கவேண்டும், மாணவரும் தான் கற்றதைத் திரும்பிப் பார்க்கவேண்டும். காகிதத்தில் படிக்கும்போது கை தட்டத் தோன்றும். நடைமுறையில் என்ன ஆனது என்றால், ஒரு தவணைக்கு, அதாவது செமஸ்டருக்கு, பதினான்கு வாரம், அதில் முதல் நான்கு வாரம் குழு பிரிக்கவும் தலைப்புத் தேடவும் போய்விடும், கடைசி மூன்று வாரம் அறிக்கைக்கும் காணொளிக்கும் போய்விடும், நடுவில் பிள்ளைகளுக்கு வேறு பாடங்களும் உண்டு. மிஞ்சுவது ஒரு சனிக்கிழமை. அந்த ஒரு சனிக்கிழமைக்குப் பதாகை, ஒரே நிறத்தில் டீ-சட்டை, தொடக்கவிழா, பிரமுகருக்குப் பொன்னாடை, மாதிரிக் காசோலை, கடைசியில் எல்லாரும் கட்டைவிரலைத் தூக்கி ஒரு படம்.

ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் எழுதும் யு.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு இருந்தவரை எங்கள் பள்ளிக்கு வந்த நிகழ்ச்சிகளில் பாதி தேர்வு வழிகாட்டி முகாம். 2021-இல் அந்தத் தேர்வையே எடுத்துவிட்டார்கள். சரி, இனி வேறு ஏதாவது கொண்டுவருவார்கள் என்று பார்த்தால், அதே முகாம், அதே விளையாட்டுகள், “உன் கனவை எழுது” என்ற அதே தாள், தலைப்பு மட்டும் தன்முனைப்பு முகாம் என்று மாறியிருந்தது. ஆறாம் ஆண்டுப் பையன் ஒருவன் அந்தத் தாளில் “போன தடவையும் இதைத்தான் எழுதினேன்” என்று எழுதி வைத்திருந்தான். உங்கள் விருதுக் குழுவில் அவனை உட்காரவைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

இதில் மாணவர்களைக் குறை சொல்ல மாட்டேன், விரிவுரைஞர்களையும் அவ்வளவாகச் சொல்ல மாட்டேன். அவர்களை எது துரத்துகிறது என்று எங்களுக்கும் தெரியும். 2006-இல் நான்கு பல்கலைக்கழகங்களை ஆய்வுப் பல்கலைக்கழகம் என்று அறிவித்தார்கள், 2010-இல் ஐந்தாவதும் சேர்ந்தது, அப்புறம் மற்ற பல்கலைக்கழகங்களுக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றிக்கொண்டது. பல்கலைக்கழக ஆய்வுக்குப் போடும் மைரா புள்ளி, ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள இதழ்களில் கட்டுரை, ஆய்வு மானியம், கேபிஐ என்ற பணி இலக்கு என்று எல்லாவற்றையும் எண்ணத் தொடங்கிவிட்டால், எண்ண முடிகிற வேலைதான் வேலை என்று ஆகிவிடும். பொறியியல்காரர் தண்ணீர் வடிகட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, இத்தனை வீட்டுக்கு இத்தனை லிட்டர் என்று எழுதலாம். கலைப்புலத்துக்காரர் என்ன எழுதுவார்? ஒரு கிழவர் தன் கதையை முதல் தடவையாகப் பேரனிடம் சொன்னார் என்பதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது? அதனால்தான் ஆள் எண்ணிக்கை, படம், பத்திரிகைச் செய்தித் துணுக்கு, நன்றிக் கடிதம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் இணைக்கிறார்கள். படிவம் எதைக் கேட்கிறதோ அதைத்தானே கொடுப்பார்கள். ஆகவே மாறவேண்டியது படிவம், அதை எழுதுகிறவர்கள் நீங்கள். அதனால்தான் மடலும் உங்களுக்கு.

உங்கள் புலத்திலேயே ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. வரலாறு சொல்லிக்கொடுக்கும் விரிவுரைஞர், எங்கள் கோவிலுக்குச் சாமி கும்பிட வந்த இடத்தில் அலுவலக அலமாரியில் கிடந்த பழைய நிர்வாகப் புத்தகங்களைப் பார்த்துவிட்டார். கறையான் ஓரத்தைத் தின்றிருந்தது, நடுப்பக்கங்கள் பரவாயில்லை. உள்ளே போருக்கு முந்திய காலத்துத் தண்டல் கணக்கு, யார் யார் எத்தனை காசு கொடுத்தார்கள், திருவிழாவுக்கு எத்தனை படி அரிசி, நாதஸ்வரக்காரருக்கு என்ன கூலி, ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர்களின் பெயருக்குப் பக்கத்தில் எந்தப் பிரிவு என்ற குறிப்பு. செந்தூல் என்றாலே ரயில் பட்டறைதான் அன்றைக்கு. இந்தப் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் பாதியைக் கேட்டால் தாத்தா பட்டறையில் இருந்தார் என்றுதான் சொல்லும்.

அவர் அந்தப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. எங்கள் இளைஞர் பிரிவுப் பிள்ளைகள் நான்கைந்து பேரை உட்காரவைத்து, புத்தகத்தை ஜன்னல் ஓரம் வைத்து, பளிச்சென்று வெளிச்சம் அடிக்கிற ஃப்ளாஷை அணைத்துவிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கைப்பேசியில் படம் எடுப்பது எப்படி, ஒட்டிக்கொண்ட தாளைக் கிழிக்காமல் பிரிப்பது எப்படி, கோப்புக்குத் தேதியும் பக்க எண்ணும் வைத்துப் பெயரிடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார். அந்தக் காலத்துக் கையெழுத்தையும் தமிழ் எண்களையும் படிக்கக் கற்றுக்கொடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினால் கையில் ஒரு தட்டு தட்டுவார். ஒன்றரை ஆண்டு, பெரும்பாலான சனிக்கிழமைகள். பதாகை கிடையாது. பிறகு நில விவகாரம் ஒன்று வந்து, கோவில் இங்கே எப்போதிலிருந்து இருக்கிறது என்று மாநகர் மன்றத்துக்குக் காட்டவேண்டிய நிலை வந்தபோது, எங்கள் கையில் தேதியோடு தாள் இருந்தது. பக்கத்தில் வேறொரு கோவிலுக்கு அப்படி ஒன்றும் இல்லை, அவர்கள் பட்ட பாடு எங்களுக்குத் தெரியும்.

அந்த விரிவுரைஞருக்கு உங்கள் சமூக ஈடுபாட்டு விருது கிடைக்கவில்லை. அவர் மனுப்போடவே இல்லை என்றுதான் நீங்கள் சொல்வீர்கள். நான் அவரிடம் கேட்டேன். படிவத்தைக் காட்டினார். பங்கேற்றோர் எண்ணிக்கை: ஐந்து. ஊடகச் செய்தி: இல்லை. உருவான வருமானம்: இல்லை. அனைத்துலகப் பங்காளி: இல்லை. “இதுல போட்டா எனக்கே சிரிப்பு வருது அண்ணே” என்றார். அந்த ஆண்டு விருது வாங்கிய நிகழ்ச்சியில் முந்நூறு பேர் கலந்துகொண்டதாகக் கணக்கு. பள்ளி சபைக்கூடத்தில் காலைக் கூடலுக்கு வந்த மாணவர்கள் எல்லாரும் அந்த முந்நூறில் அடக்கம், இல்லாவிட்டால் அந்த எண் வந்திருக்க வழியில்லை.

இதைவிட எங்களை உறுத்துகிற ஒன்று இருக்கிறது. அது விருது வாங்கிய திட்டம், அதனால் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். தோட்டப்புற வாய்மொழி வரலாறு என்று ஒரு திட்டத்துக்காக உங்கள் மாணவர்கள் எங்கள் பக்கத்து பிபிஆர் என்ற அரசு மலிவு வீட்டு அடுக்குமாடியில் இருந்த முதியவர்களைப் பேட்டி எடுத்தார்கள். நல்ல திட்டம், செய்யவேண்டிய நேரத்தில் செய்த திட்டம். தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற 1960களைப் பார்த்தவர்கள், 1969-க்குப் பிறகு குடியுரிமைத் தாள் இல்லாமல் வேலை அனுமதிக்காக அலைந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடப் போய்த் திரும்பியவர்களை நேரில் கேட்கும் வாய்ப்பு ஏறக்குறைய முடிந்தே போய்விட்டது. அவர்களின் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த கதைகள்தான் மிச்சம். வீடுவீடாகக் கூட்டிக்கொண்டு போய் அறிமுகப்படுத்தியவன் நான்.

அதில் ஒரு பாட்டி. கோலசிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர், மகனோடு நகரத்துக்கு வந்தவர். இரண்டரை மணி நேரம் பேசினார். பால் வடிகிற மங்கு துடைப்பதில் தொடங்கி, கங்காணிக்குத் தெரியாமல் ஒட்டுப்பால் எடுத்தது, பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது, பிரசவம் பார்த்த ஆயா, பிறகு யாரும் கேட்காமலே ஒரு ஒப்பாரி. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ஒலிப்பதிவுக் கருவி வைத்திருந்த பெண்பிள்ளை அழுதுவிட்டாள், பாட்டி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தார். முடிந்ததும் ஒப்புதல் படிவம், மூன்று பக்கம், முழுக்க மலாயில். பாட்டி கைநாட்டு வைத்தார். பிள்ளைகள் ஒரு அன்பளிப்புப் பை கொடுத்தார்கள், உள்ளே மைலோவும் பிஸ்கட்டும் துண்டும்.

பாட்டி இறந்து பதினாறாம் நாள் காரியம் வந்தபோது பேரன் என்னிடம் வந்து, “அந்தப் பதிவு கிடைக்குமா, வீட்ல போட்டுக் கேக்கணும்” என்றான். கைப்பேசிகளில் இருந்ததெல்லாம் பிறந்தநாள் கேக் வெட்டும் அரை நிமிடக் காணொளிகள். நான் உங்கள் புலத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன், போன் செய்தேன். திட்டத் தலைவர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிவிட்டார். அடுத்த அதிகாரி, தனிநபர் தரவு, ஆய்வு நெறிக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார். தனிநபர் யார்? அவன் பாட்டி. எந்த நெறி, யாரைப் பாதுகாக்க? கடைசியில் வந்த பதில், பதிவுகள் இருந்த வன்தட்டு எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது. அந்தத் திட்டத்துக்குக் கொடுத்த விருதின் படம் மட்டும் உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாக இருக்கிறது. நேரில் போனபோது பார்த்தேன்.

வாய்மொழி வரலாறு எடுக்கிறவர்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுப்பார்கள், பேசியவருக்கு ஒரு படி கொடுக்கவேண்டும் என்று. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை, ஒரு பென்டிரைவ் பதினைந்து ரிங்கிட். உங்கள் விருதுப் படிவத்தில் “பேசியவர் குடும்பத்துக்குப் பதிவின் படி கொடுக்கப்பட்டதா, எந்தத் தேதியில், பெற்றுக்கொண்டவர் யார்?” என்று ஒரே ஒரு வரி இருந்திருந்தால் அந்தப் பதிவு இன்றைக்கு அந்த வீட்டில் இருந்திருக்கும். விருதின் பலம் அதுதான். நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அடுத்த ஆண்டு எல்லாரும் அதைச் செய்வார்கள்.

தமிழில் எழுதுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஆங்கிலத்தில், வெளிநாட்டு ஆய்விதழில், பணம் கட்டினால்தான் திறக்கும். அதைப் படிக்கச் சொல்லி யாரும் எங்களிடம் கொடுத்ததில்லை. அதே விஷயத்தை எட்டுப் பக்கத்தில் தமிழில் எழுதி, உள்ளூர்ப் பத்திரிகையின் ஞாயிறு மலரிலோ பள்ளி ஆண்டு மலரிலோ போட்டால் உங்கள் கணக்கில் பூஜ்யம். ஆங்கிலத்தில் எழுதாதீர்கள் என்று சொல்லவில்லை, எழுதுங்கள், உலகம் படிக்கட்டும். கூடவே எங்களுக்கும் புரிகிற மாதிரி ஒன்று எழுதினால் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள் என்றுதான் கேட்கிறோம். 2013-இலேயே சான்பிரான்சிஸ்கோ அறிக்கை என்று ஒன்றை வெளியிட்டு, ஓர் ஆய்வை அது வந்த இதழின் மதிப்பெண்ணை வைத்து எடைபோடாதீர்கள், அந்த ஆய்வையே படித்துப் பாருங்கள் என்று விஞ்ஞானிகளே சொல்லிவிட்டார்கள். கலைப்புலத்துக்காரர்கள் அதற்கு முன்னாலேயே சொல்லியிருக்கவேண்டியது.

சமூகத்தைக் கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று உங்களில் ஒருவர் சொல்வது காதில் விழுகிறது. பிரிட்டனைப் பாருங்கள். அங்கே பல்கலைக்கழக ஆய்வை மதிப்பிடும் ஆர்.இ.எஃப். முறையில், ஆய்வினால் வெளியே என்ன மாறியது என்பதற்கு 2014-இல் 20 விழுக்காடு ஒதுக்கினார்கள், 2021-இல் அதை 25 ஆக்கினார்கள். மாறியது என்று சொன்னால் ஆதாரம் காட்டவேண்டும், அதை உறுதிப்படுத்தக்கூடிய வெளியாட்களின் தொடர்பு விவரத்தையும் கொடுக்கலாம், மதிப்பிடுகிறவர்கள் வேண்டுமென்றால் அவர்களிடமே விசாரித்துக்கொள்ளலாம். அந்த முறை ஒன்றும் அப்பழுக்கற்றது இல்லை, அந்தக் கதைகளை அழகாக எழுதித் தருவதற்கே ஆள் வைக்கிற அளவுக்கு அங்கேயும் போய்விட்டது. ஆனால் வெளியாளைக் கேட்பது முடியாத காரியம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இன்னொருவர் சொல்வார்: சமூகத்தைக் கேட்டால் அரசியல் வரும், வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு ஒன்று சொல்வார்கள். உண்மைதான். எங்கள் கோவிலிலேயே இரண்டு அணி உண்டு, ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நாற்காலி பறந்த ஆண்டும் உண்டு. தலைவரை மட்டும் கேட்டால் தலைவருக்கு மாலை போட்டவர் நல்லவர் ஆகிவிடுவார். அதனால் தலைவரைக் கேட்காதீர்கள், என்னையும்கூடக் கேட்கவேண்டாம். அந்த வகுப்பில் இருந்த ஒரு ஆசிரியை, பிள்ளையை அனுப்பிய ஒரு தாய், பேசிய முதியவரின் வீட்டார் ஒருவர், இப்படி மூன்று பேரை நீங்களே பொறுக்கிக் கேளுங்கள். மூன்று பேர் சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால், அப்போதுதான் அங்கே நிஜமாக ஏதோ நடந்திருக்கிறது என்று நான் சொல்வேன். மூன்று பேரும் “ரொம்ப நல்லா இருந்துச்சு, மறுபடியும் வரணும்” என்று ஒரே மாதிரி சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள், அது நாங்கள் எல்லாருக்கும் சொல்வது.

இன்னும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது, கேட்டுவிடுகிறேன். விருது ஒருவருக்கு மட்டும்தான் போகவேண்டுமா? மேடையில் விரிவுரைஞர் கோப்பை வாங்குவார், காசோலை வாங்குவார், பதவி உயர்வுக் கோப்பில் ஒரு தாள் கூடும். எல்லாம் அவருக்குச் சேரவேண்டியதுதான். ஒன்றரை ஆண்டு பக்கம் பக்கமாகப் படம் எடுத்த அந்த ஐந்து பிள்ளைகளின் பெயர் எங்கே? அவர்களில் ஒருத்தி இப்போது நூலகவியல் படிக்க மனுப்போட்டிருக்கிறாள். உங்கள் முத்திரை போட்ட ஒரு சான்றிதழ் அவள் கையில் இருந்தால் நேர்முகத் தேர்வில் அதற்கு எவ்வளவு மதிப்பு என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பொன்னாடைக்கு ஆகிற செலவில் இருபது சான்றிதழ் அச்சடிக்கலாம்.

சரி, இத்தனை எழுதியபிறகு நீங்கள் செய்யவேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த ஆண்டுக்கான படிவத்தை அச்சுக்கு அனுப்புமுன், நன்றிக் கடிதம் இணைக்கவேண்டும் என்ற நிபந்தனையை எடுத்துவிடுங்கள். தேர்வுக் குழுவே ஓராண்டு கழித்து அந்த இடத்தில் விசாரிக்கும் என்று எழுதுங்கள், அந்த வேலைக்கு ஒரு ஆளையும் போடுங்கள். எடுத்துப்போனதைத் திருப்பிக் கொடுத்த தேதியைக் கேளுங்கள். பங்கேற்றோர் எண்ணிக்கை என்ற கட்டத்தை வைத்துக்கொள்வதானால் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே “இவர்களில் இரண்டாம் தடவையும் வந்தவர்கள் எத்தனை பேர்?” என்று ஒரு கட்டம் சேருங்கள். அப்புறம் அந்த வன்தட்டைத் தேடுங்கள். விருது வாங்கிய திட்டம், உங்கள் பெயர்தான் அதில் இருக்கிறது.

பேசவேண்டும் என்று தோன்றினால் வாருங்கள். செவ்வாய், வெள்ளி மாலைப் பூஜை முடிந்ததும் கோவில் அலுவலகத்தில் இருப்பேன். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, எல்ஆர்டி-யில் செந்தூல் நிலையத்தில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். நிர்வாகப் புத்தகங்களையும் காட்டுகிறேன், கை கழுவிவிட்டுத்தான் தொடவேண்டும்.

இப்படிக்கு,
செந்தூலில் இருந்து, நாற்காலி அடுக்குகிற ஒருவன்

பி.கு.: இந்தத் தவணையில் எங்களோடு நிகழ்ச்சி செய்த இரண்டு மாணவர் குழுக்களுக்குக் கடிதம் தர மாட்டோம் என்று சொல்லிவிட்டோம். அதற்காக அவர்களின் மதிப்பெண்ணில் கை வைக்காதீர்கள். அவர்கள் என்ன செய்தார்கள் என்று தெரியவேண்டுமானால் போன் போடுங்கள், விவரமாகச் சொல்கிறேன். ஒரு குழு உண்மையிலேயே நன்றாகச் செய்தது.